கூரத்தாழ்வான் மிளகாய் சாப்பிட்டிருப்பாரா?

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர் கூரம். வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் கூரம் செப்பேடு ஞாபகம் வரும். 7-ம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் இங்குள்ள சிவன் கோயிலுக்கு ஓர் ஊரையே தானமாகக் கொடுத்து, பூஜைக்கு, நைவேத்தியத்துக்கு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு என்று எழுதி வைத்த செப்பேடு அது.

வைணவர்களுக்கோ கூரம் என்றால் கூரத்தாழ்வான். 11-ம் நூற்றாண்டில் இந்த ஊரில் பிறந்தவர், ராமானுஜரின் முக்கியமான சீடர். பெரும் செல்வந்தர். விடிந்ததிலிருந்து இரவு வரை அவர் வீட்டில் அன்னதானம் நடக்குமாம். கடைசி ஆள் சாப்பிட்டுப் போன பிறகு வீட்டின் பெரிய கதவைச் சாத்துவார்களாம். அந்த ஓசை காஞ்சி வரதராஜர் சன்னதி வரை கேட்க, பெருந்தேவித் தாயார் "இது என்ன சத்தம்?" என்று பெருமாளிடம் கேட்டதாகக் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. தன் பணத்தின் சத்தம் பெருமாள் காது வரை போய்விட்டதே என்று வெட்கப்பட்டு, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஸ்ரீரங்கம் போனவர் கூரத்தாழ்வான்.

கதை இருக்கட்டும். அந்த அன்னதானத்தில் என்ன குழம்பு ஊற்றியிருப்பார்கள்? காரத்துக்கு என்ன போட்டிருப்பார்கள்?

ஒன்று மட்டும் உறுதி. மிளகாய் போட்டிருக்க மாட்டார்கள். ஏனென்றால் அப்போது இந்தியாவிலேயே மிளகாய் கிடையாது!

மிளகாய்க்கு முன்னால் காரம்

"மிளகாய் இல்லாமல் தமிழன் சமையலா?" என்று தோன்றும். ஆனால் காரம் இருந்தது, நன்றாகவே இருந்தது. மிளகு, திப்பிலி, சுக்கு, இஞ்சி, கடுகு. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்ததுதான் திரிகடுகம். பதினெண்கீழ்க்கணக்கில் ஒரு நூலுக்கே அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சங்க காலத்தில் மிளகுக்கு 'கறி' என்று பெயர். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் ஒரு விருந்துச் சாப்பாடு வருகிறது. மாதுளம் பிஞ்சை வெண்ணெயில் வேகவைத்து, அதில் மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் சேர்த்துப் பரிமாறுகிறார்கள். கூடவே மாங்காய் ஊறுகாய். காஞ்சிபுரம் வட்டாரத்துச் சமையலுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று இது. பல நூற்றாண்டுகள் கழித்து தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நைவேத்தியப் பொருள்களின் கணக்கு வருகிறது. அதிலும் மிளகு, கடுகு, சீரகம், புளி, உப்பு எல்லாம் உண்டு. மிளகாய் மட்டும் இல்லை.

மிளகைத் தேடி வந்தவர்கள்

மிளகு வெறும் சமையல் சாமான் அல்ல, பெரிய வியாபாரம். யவனர்கள் முசிறித் துறைமுகத்துக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. 1-ம் நூற்றாண்டில் ரோமாபுரியின் பிளினி, இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் போய்விடுகிறது என்று புலம்பியிருக்கிறார். ஒரு பவுண்டு கருமிளகு 4 தெனாரியஸ், திப்பிலி 15 தெனாரியஸ் என்று விலைப்பட்டியலும் கொடுத்திருக்கிறார். இன்றைய மொழியில் சொன்னால், ரோமுக்கு வர்த்தகப் பற்றாக்குறை! காரணங்களில் ஒன்று மிளகு.

இந்த மிளகைத் தேடித்தான் கொலம்பஸ் 1492-ல் மேற்கே கிளம்பினார். இந்தியா கிடைக்கவில்லை, அமெரிக்கா கிடைத்தது. அங்கே மக்கள் சிவப்பாக ஒரு காயைச் சாப்பிட்டார்கள். மெக்சிகோ பக்கத்தில் ஆயிரக்கணக்கான வருடங்களாக விளைந்துவந்த காய் அது. வாயில் வைத்தால் எரிந்தது. தேடி வந்தது மிளகு என்பதால் இதற்கும் மிளகின் பெயரையே ஒட்டிவிட்டார்கள். ஆங்கிலத்தில் இன்றுவரை இரண்டுக்கும் 'பெப்பர்' என்று சொல்வது அதனால்தான். உண்மையில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மிளகு ஒரு கொடி. மிளகாய் கத்தரிக்காய், தக்காளி குடும்பம்.

1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்தார். அவர் வந்ததும் மிளகுக்காகத்தான். 1510-ல் போர்த்துகீசியர்கள் கோவாவைப் பிடித்தார்கள். அதே நூற்றாண்டில் நம் கரையில் சாந்தோமிலும் நாகப்பட்டினத்திலும் குடியேறினார்கள். அவர்கள் கப்பல்கள் வழியாகத்தான் மிளகாய் இங்கே வந்தது. வேடிக்கையைப் பாருங்கள்: மிளகு வாங்க வந்தவர்கள், மிளகுக்குப் போட்டியாளரைக் கையோடு கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்!

மிளகாய் பரவிய வேகம் இன்னும் வேடிக்கை. 1542-ல் ஜெர்மானியத் தாவர அறிஞர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் தன் புத்தகத்தில் மிளகாய்ச் செடியின் படம் போட்டார். அதற்கு அவர் கொடுத்த பெயர் 'கள்ளிக்கோட்டை மிளகு'. அது இந்தியச் செடி என்றே நினைத்துவிட்டார். கொலம்பஸ் போய் ஐம்பது வருடம்தான் ஆகியிருந்தது.

பெயரே சாட்சி

வந்த காய்க்கு நம் ஊரில் என்ன பெயர் வைத்தார்கள்? மிளகு போல எரிக்கும் காய், அதனால் மிளகு + காய் = மிளகாய். தினமும் சொல்லும் வார்த்தைக்குள்ளேயே வரலாறு இருக்கிறது. கன்னடத்திலும் இதே கதைதான். மெணசு என்றால் மிளகு, மெணசினகாய் என்றால் மிளகாய்.

மலையாளத்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். மிளகின் தாயகமே கேரளம். ஆனால் அங்கே இன்று 'முளகு' என்று சொன்னால் மிளகாய். பழைய மிளகு தன் பெயரைப் பறிகொடுத்து 'குருமுளகு' ஆகிவிட்டது. சிங்களத்திலும் அப்படியே. 'மிரிஸ்' என்றால் மிளகாய், மிளகுக்குப் பெயர் 'கம்மிரிஸ்'. வந்தவர் வீட்டுக்காரர் ஆகிவிட்டார், வீட்டுக்காரருக்கு அடைமொழி தேவைப்படுகிறது.

ஏன் ஜெயித்தது?

ருசியால் ஜெயித்தது என்று சொல்லலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு காரணம் தெரியும். விலை!

மிளகுக் கொடிக்கு நல்ல மழை வேண்டும், நிழல் வேண்டும், படர ஒரு மரம் வேண்டும். நட்டு மூன்று வருடம் போல காத்திருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சரி, காஞ்சிபுரத்துச் சமவெளியில் நடக்காது. ஆக, இங்கே உள்ளவர்களுக்கு மிளகு என்பது எப்போதும் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். அதுவும் உலகமே போட்டி போட்டு வாங்கும் பொருள்.

மிளகாய்க்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. விதை பழத்துக்குள்ளேயே இருக்கிறது, காசு கொடுக்க வேண்டாம். கொல்லையில் போட்டாலும் முளைக்கும். சில மாதங்களில் காய்க்கும். வெயிலில் காயவைத்தால் வருடம் முழுக்கக் கெடாது. நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? ராமநாதபுரம் மாதிரி வறண்ட மண்ணில் மானாவாரியாகவே விளைகிறது. அந்த ஊர் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது.

அதுவரை காரம் என்பது காசுள்ளவன் தாராளமாகச் சேர்ப்பது, இல்லாதவன் எண்ணிப் போடுவது. மிளகாய் வந்த பிறகு கூழுக்குத் தொட்டுக்கொள்ளக் கூட காரம் கிடைத்தது. ஏழை வீட்டு அடுப்புக்குக் காரத்தைக் கொண்டுபோன பெருமை மிளகாய்க்குத்தான். இதை வெறும் 'அந்நிய மோகம்' என்று ஒதுக்கிவிட முடியாது.

தோற்ற மிளகு எங்கே போனது?

காணாமல் போகவில்லை. மிளகாய் நுழையாத இடங்களில் உட்கார்ந்துகொண்டது. முதல் இடம் கோயில். காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் இட்லி எல்லோருக்கும் தெரியும். அரிசி, உளுந்து மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து ஊற்றி, நீளமாக வேகவைத்து எடுப்பார்கள். குடலை இட்லி என்றும் சொல்வதுண்டு. அதில் காரம் இருக்கிறது, மிளகாய் இல்லை. கூரத்தாழ்வான் வீட்டு அன்னதானத்தின் காரம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமா? அந்த இட்லியில் ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது இடம் திவசச் சமையல். பல வீடுகளில் அன்றைக்கு மிளகாய் கூடாது, மிளகுதான். உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டைக்கோசும் கூடாது. எல்லாம் பிற்பாடு கப்பலில் வந்தவை. முன்னோர்களுக்கு அவர்களுக்குத் தெரிந்த சாப்பாட்டையே போடுகிறார்கள்!

மூன்றாவது இடம் பத்தியம். காய்ச்சல் என்றால் மிளகு ரசம், பிள்ளை பெற்றவளுக்கு மிளகுக் குழம்பு. சென்னையில் இருந்த வெள்ளைக்காரர்கள் சூப்பாக்கிக் குடித்த 'முல்லிகடாவ்னி'யும் நம் மிளகுத்தண்ணிதான்.

இரண்டும் சேரும் இடம்

கோயில் ஒரு பக்கம், கடைத்தெரு பஜ்ஜி ஒரு பக்கம். இரண்டும் ஒன்றாக இருக்கும் இடம் வீட்டு மிளகாய்த்தூள் டப்பா.

பல வீடுகளில் உள்ள கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும்: காய்ந்த மிளகாய் அரை கிலோ, மல்லி (தனியா) ஒரு கிலோ, துவரம்பருப்பு 100 கிராம், கடலைப்பருப்பு 100 கிராம், மிளகு 50 கிராம், சீரகம் 50 கிராம், வெந்தயம் 25 கிராம், விரலி மஞ்சள் 50 கிராம். மிளகாயையும் மல்லியையும் மஞ்சளையும் இரண்டு நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயத்தை எண்ணெய் விடாமல் லேசாக வறுக்க வேண்டும். எல்லாவற்றையும் மில்லில் கொடுத்து அரைத்து (தும்மல் இலவசம்!), சூடு போகப் பரப்பி ஆறவைத்து, சலித்து டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்துக் கட்டி தட்டிவிடும்.

இந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள். மிளகாய் அரை கிலோ இருக்கும்போது 50 கிராம் மிளகு எதற்கு? காரத்துக்குத் தேவையே இல்லை. ஆனாலும் எடுக்கவில்லை. ஐந்நூறு வருடத்துக்கு முந்திய சமையல் இந்த 50 கிராமில் உட்கார்ந்திருக்கிறது.

உலகத்தின் மறுகோடியிலும் இதே கல்யாணம் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் மிளகாய் போட்ட இறைச்சிக் குழம்பு 'சில்லி' ரொம்பப் பிரபலம். 1890-களில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர், மிளகாய் வருடம் முழுக்கக் கிடைக்கவில்லையே என்று காய்ந்த மிளகாயை இறைச்சி அரைக்கும் கைமெஷினில் மூன்று முறை விட்டுப் பொடித்தாராம். அப்படி வந்ததுதான் அங்கே கடைகளில் விற்கும் 'சில்லி பவுடர்'. அதில் மிளகாயோடு சீரகம், பூண்டு, ஆரிகனோ எல்லாம் கலந்திருக்கும். அங்கே மிளகாய் சொந்தக்காரர், சீரகம் கடல் தாண்டி வந்த விருந்தாளி. நம் ஊரில் சீரகம் பழைய ஆள், மிளகாய் விருந்தாளி. (வெளிநாட்டுச் சமையல் குறிப்பில் 'சில்லி பவுடர் இரண்டு டேபிள்ஸ்பூன்' என்று பார்த்து நம் தனி மிளகாய்த்தூளைப் போட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்! காரம் குறைந்த பியாட்கி மிளகாய்த்தூள் 2 டேபிள்ஸ்பூன், வறுத்த சீரகப்பொடி 2 டீஸ்பூன், பூண்டுப்பொடி 1 டீஸ்பூன், கொஞ்சம் ஆரிகனோ, அரை டீஸ்பூன் மிளகுப்பொடி கலந்தால் ஏறக்குறைய அந்தத் தூள் வந்துவிடும்.)

பாக்கெட் காலம்

ஈரோட்டின் சக்தி மசாலா, 1995-ல் சென்னையில் தொடங்கிய ஆச்சி மசாலா என்று தமிழ்நாட்டுப் பிராண்டுகள் வளர்ந்த பிறகு, மொட்டை மாடியில் மிளகாய் காயும் காட்சி குறைந்துவிட்டது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இரண்டு நாள் வெயிலில் மிளகாயைக் காவல் காக்க நேரம் ஏது?

ஆனால் தூளில் ஒரு சங்கடம் உண்டு. முழு மிளகாயைக் கையில் எடுத்து, உடைத்து, முகர்ந்து வாங்கலாம். தூளாகிவிட்டால் அதற்குள் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. 2005-ல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். காரணம், ஒரு சாஸில் சேர்த்த மிளகாய்த்தூளில் 'சூடான் 1' என்ற சாயம் இருந்தது. அந்தத் தூள் போனது இந்தியாவிலிருந்து. சிவப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக யாரோ சேர்த்த சாயம், அந்த வருடம் உலகச் செய்தி ஆனது.

கலப்படத்தைப் பரிசோதனைச் சாலையில் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடிக்க முடியாத நஷ்டம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அளவு இருந்தது. ஒரு வீட்டில் மிளகு கூட, ஒரு வீட்டில் வெந்தயம் கூட. பாக்கெட்டில் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவுதான். வீட்டு அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை, பாட்டியின் கையில் இருக்கிறது. பல்லவன் தானக் கணக்கைச் செப்பேட்டில் வெட்டினான், ஆயிரத்து முந்நூறு வருடம் கழித்தும் படிக்கிறோம். பாட்டியின் கணக்கை யாரும் எதிலும் எழுதவில்லை.

மிளகாய் வெளியூரிலிருந்து வந்ததுதான். ஆனால் அதோடு எவ்வளவு மல்லி, எவ்வளவு மிளகு என்ற அளவு எந்தக் கப்பலிலும் வரவில்லை. அது இந்த மண்ணில், இந்த வீடுகளில் உண்டானது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது "பாட்டி, மிளகாய்த்தூளுக்கு என்னென்ன எவ்வளவு போடுவீங்க?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். "எல்லாம் ஒரு கை அளவுதான்" என்று சொன்னால், அந்தக் கையையே அளந்து எழுதிக்கொள்ளுங்கள்!