ஆறில் ஒன்று யாருக்கு உரியது?

எடைக்கு விற்கும் பொருளின் விலையைக் கணக்கிடுகையில் முழு எண்கள் எவருக்கும் தொல்லை தருவதில்லை. சிக்கல் எழுவது பின்னத்தில்தான். மிஞ்சி நிற்கும் காலும் அரைக்காலும் விற்பவருக்கு உரியவையா, வாங்குபவருக்கு உரியவையா? அளந்து வாங்கும்போது நிறைவாகப் பெற்று, கொடுக்கும்போது குறைப்போரைக் கண்டிக்கும் அல்முதஃப்பிஃபீன் என்னும் 83ஆம் அத்தியாயத்தை ஓதிவந்த சமுதாயத்திற்கு இது வெறும் கணக்கு வினாவாக இருந்திருக்க முடியாது.

கலீஃபா அல்மஃமூன் (ஆட்சி: 813-833) காலத்தில் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி இயற்றிய 'அல்ஜப்ர் வல்முகாபலா' நூலை இயற்கணிதத்தின் மூலநூலாகவே நாம் அறிவோம். வணிகத்திற்கென ஒரு பகுதியும், வஸிய்யத்திற்கும் வாரிசுரிமைக்குமென ஒரு நீண்ட பகுதியும் அதில் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கொடுக்கல் வாங்கல் யாவும் நான்கு எண்களுள் அடங்கும் என்பது அவர் விதி. குறித்த அளவு, அதன் விலை, வாங்கும் அளவு, அதற்குரிய தொகை ஆகியவையே அந்நான்கு. மூன்று தெரிந்தால் நான்காவது கிட்டும். பத்து அளவின் விலை எட்டு எனில், நான்கு அளவுக்குத் தொகை என்ன? எட்டையும் நான்கையும் பெருக்கினால் 32. அதைப் பத்தால் வகுத்தால் 3 1/5. மூன்று என்று அவர் முடித்துக்கொள்ளவில்லை.

அந்த ஐந்தில் ஒன்றைக் கடைத்தெருவில் எப்படிச் சொல்வது, எப்படிக் கொடுப்பது? பாதி (நிஸ்ஃப்) முதல் பத்தில் ஒன்று (உஷ்ர்) வரை ஒவ்வொரு பின்னத்திற்கும் அரபியில் தனிச்சொல் உண்டு. பதினொன்றில் ஒன்று போன்றவற்றுக்குத் தனிச்சொல் இல்லை. அவற்றை 'அஸம்ம்', அதாவது செவிட்டுப் பின்னம் என்றனர். அபுல் வஃபா அல்பூஸ்ஜானி (940-998) எழுத்தர்க்கும் வணிகர்க்கும் என்றே ஒரு கணக்கு நூல் எழுதினார். இந்திய எண்குறிகளைத் தவிர்த்து, சந்தையில் புழங்கிய சொற்களாலேயே பின்னங்களை விளக்கினார். ஐந்தில் மூன்று என்பதைப் 'பாதியும் பத்தில் ஒன்றும்' எனலாம். ஒரு திர்ஹம் ஆறு தானிக். எனவே 3 1/5 திர்ஹம் என்பது மூன்று திர்ஹம், ஒரு தானிக், மேலும் ஒரு தானிக்கில் ஐந்தில் ஒன்று.

ஊர்தோறும் எடை மாறியபோது பின்னத்தின் கனம் மேலும் கூடியது. தமிழில் வழங்கும் 'ராத்தல்' என்னும் சொல்லின் மூலம் அரபியின் 'ரத்ல்' ஆகும். திமிஷ்கின் ரத்ல் 600 திர்ஹம் எடை. மிஸ்ரின் ரத்ல் 144 திர்ஹம் எடை. ஆகவே திமிஷ்கின் ஒரு ரத்ல் மிஸ்ரின் நான்கே ஆறில் ஒன்று ரத்லுக்குச் சமம். திமிஷ்கில் ரத்ல் 25 வெள்ளிக்காசு விலையுள்ள ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். மிஸ்ரின் ரத்லுக்கு அதன் சரியான விலை 6 காசு. ஆறில் ஒன்றை விட்டுவிட்டு நான்கால் வகுத்தாலோ 6 1/4 காசு! நூறு ரத்ல் வாங்குபவர் 25 காசு இழப்பார். தராசு நேராக நின்றிருக்கும். எடைக்கல்லிலும் குறை இராது. தவறு கணக்கில் மட்டுமே.

இதனால்தான் 12ஆம் நூற்றாண்டில் சந்தை மேற்பார்வையாளருக்கான (முஹ்தஸிப்) கையேட்டை எழுதிய அப்துர் ரஹ்மான் அஷ்ஷைஸரி, ரத்ல், மிஸ்கால், திர்ஹம் ஆகியவற்றின் அளவறிவை அவர்களுக்குக் கட்டாயமாக்கினார். கல்லாலான எடைகள் உரசித் தேயும் என்பதால் இரும்பு எடைகளையே வலியுறுத்தினார்.

மக்களை விட்டு இறந்தவரின் தாய்க்குத் திருமறை விதித்த பங்கு ஆறில் ஒன்று. மதரஸாவில் ஃபராயிள் பயிலும் மாணவர் எவரும் அதைச் 'சில்லறை' என்று தள்ளத் துணிவதில்லை. அதே ஆறில் ஒன்று கடையில் மட்டும் எப்படிச் சில்லறையாகும்? வாரிசுரிமையையும் வணிகத்தையும் அல்குவாரிஸ்மி ஒரே நூலில் வைத்ததன் பொருத்தம் இங்கே புலப்படுகிறது. இரண்டிலும் பின்னம் என்பது பிறருடைய ஹக். கருவியே கணக்கிடும் இக்காலத்திலும், மிஞ்சும் பின்னத்தை எப்பக்கம் தள்ளுவது என்பதை மனிதனே முடிவு செய்கிறான்.