கல்லை வென்றது கத்தியா, தண்ணீரா?

சிறுநீரகக் கல்லின் வேதனையை அனுபவித்த பெண்கள் பலர் அதனைப் பிரசவ வேதனைக்கு ஒப்பிட்டுச் சொல்வார்கள். முதுகின் ஒருபுறம், விலாவெலும்புக்குக் கீழே திடீரெனத் தொடங்கும் வலி அலையலையாக அடிவயிற்றுக்கும் தொடையிடுக்குக்கும் இறங்கும். இருக்கவும் முடியாது, படுக்கவும் முடியாது. வாந்தி வரும், சிறுநீர் சிவக்கும். இத்தனை அவஸ்தைக்கும் காரணம் பல வேளைகளில் ஒரு பயறளவு கல் சிறுநீர்க் குழாயில் சிக்கிக்கொள்வதுதான். எமது முன்னோர் இதற்குக் கல்லடைப்பு என்று பொருத்தமாகவே பெயரிட்டிருக்கிறார்கள்.

இந்த நோய்க்கு நீண்ட வரலாறு உண்டு. எகிப்தின் எல் அம்ரா என்ற இடத்திலுள்ள புதைகுழி ஒன்றிலிருந்து, ஏறத்தாழப் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனின் உடலில் இருந்த கல்லை எலியட் சிமித் என்ற உடற்கூற்றியல் அறிஞர் 1901இல் கண்டெடுத்தார். 5000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய அந்தக் கல், லண்டனிலுள்ள சத்திரசிகிச்சை நிபுணர்களின் றோயல் கல்லூரியில் வைக்கப்பட்டிருந்து, இரண்டாம் உலகப் போரில் 1941ஆம் ஆண்டுக் குண்டுவீச்சின்போது அழிந்து போனது.

பண்டைய மருத்துவர்கள் பெரிதும் அஞ்சியது சிறுநீர்ப்பையில் வளரும் கல்லுக்குத்தான். சிறுநீரகத்தை எட்டும் வழி அவர்களிடம் இருக்கவில்லை. சிறுநீர்ப்பைக் கல்லையோ, கீழ்ப்புறமாகக் கீறி எடுக்கலாம். சுஸ்ருத சங்கிதை இச்சிகிச்சையை விரிவாக விளக்குகிறது. கல்லை எடுக்காவிட்டால் மரணம் நிச்சயம், எடுத்தாலும் பிழைப்பது சந்தேகம், ஆகவே அரசனிடம் அனுமதி பெற்ற பின்னரே கத்தியைத் தொட வேண்டும் என்பது அந்நூலின் அறிவுரை. கிரேக்கத்தின் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் சத்தியப்பிரமாணமோ, மருத்துவன் கல்லுக்காகக் கத்தி வைக்கக் கூடாது, அத்தொழிலில் பழகியோரிடம் அதனை விட்டுவிட வேண்டும் என்று விதித்தது. வெவ்வேறு நிலங்களில் பிறந்த இரு மருத்துவ மரபுகளும் இந்தக் கல்லின் முன்னால் ஒரே விதமாகத் தயங்கி நின்றிருக்கின்றன.

அக்கத்தியின் கீழ்ப் படுத்து எழுந்தவர்களுள் உலகறிந்தவர், நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆங்கிலேயர் சாமுவேல் பெப்பிஸ். 1658ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் திகதி, தமது 25ஆவது வயதில் அவர் கல்லெடுப்புச் சிகிச்சைக்கு உட்பட்டார். மயக்க மருந்து வருவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இருந்த காலம் அது. நோயாளியைக் கட்டி வைத்துத்தான் கீறினார்கள். டெனிஸ் பந்தளவு எனச் சொல்லப்பட்ட கல் வெளியே வந்தது. பெப்பிஸ் பிழைத்துக்கொண்டார். அந்தக் கல்லுக்கு ஒரு பேழை செய்து பாதுகாத்தார். ஆண்டுதோறும் அதே நாளில் விருந்து வைத்துக் கொண்டாடவும் செய்தார்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 1703இல் அவர் இறந்தபின் உடலைப் பரிசோதித்தபோது, இடது சிறுநீரகத்தில் ஏழு கற்கள் இருந்தன. கத்தி ஒரு கல்லை எடுத்தது. கல்லை உருவாக்கும் இயல்பை அது எடுக்கவில்லை. கல்லின் வரலாற்றில் நாம் மனதிற் கொள்ள வேண்டிய செய்தி இதுதான்.

கத்திக்கு அஞ்சியவர்கள் கல்லைக் கரைக்கும் மருந்தைத் தேடி அலைந்தார்கள். ஜோஆனா ஸ்டீபன்ஸ் என்ற பெண்மணி தம்மிடம் அத்தகைய மருந்து இருப்பதாகக் கூறியபோது, பிரித்தானியப் பாராளுமன்றம் 1739இல் 5000 பவுண் கொடுத்து அதன் இரகசியத்தை வாங்கியது. வெளிவந்த செய்முறையில் இருந்தவை முட்டை ஓடு, நத்தை, சவர்க்காரம், சில மூலிகைகள். மருந்து பொய்த்தாலும் ஒரு நன்மை விளைந்தது. கல் உண்மையில் எதனாலானது என்ற கேள்வி இரசாயன அறிஞர்களைப் பற்றிக்கொண்டது. 1776இல் சுவீடனின் கார்ல் சீலே கல்லிலிருந்து யூரிக் அமிலத்தைப் பிரித்துக் காட்டினார். கற்கள் பலவகை என்பது பின்னர் தெளிவாயிற்று. இன்று சிறுநீரகக் கற்களிற் பெரும்பாலானவை கல்சியம் ஒக்ஸலேட் என்ற உப்பினாலானவை என்பதை அறிவோம்.

கத்தியின்றிக் கல்லை உடைக்கும் முயற்சியும் தொடர்ந்தது. 1824இல் பாரிஸில் ஜான் சிவியால், சிறுநீர் வழியாகவே கருவியைச் செலுத்திச் சிறுநீர்ப்பைக் கல்லைத் துளைத்து நொறுக்கிக் காட்டினார். இம்முறையும் எல்லாரையும் காக்கவில்லை. பிரான்ஸின் முன்னாள் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் இங்கிலாந்தில் இத்தகைய சிகிச்சைக்கு இருமுறை உட்பட்டு, அடுத்த முறைக்குக் காத்திருந்த வேளையில் 1873 ஜனவரி 9ஆம் திகதி காலமானார். அதற்கு நூறாண்டுக்குப் பின், விமானங்கள் தயாரித்த ஜேர்மன் நிறுவனமான டோர்னியரின் அதிர்வலை ஆய்வு மருத்துவத்துக்குக் கைகொடுத்தது. அதிவேக விமானத்தில் மோதும் மழைத்துளி எழுப்பும் அதிர்வை ஆராய்ந்தபோது பிறந்த அறிவு அது. 1980 பெப்ரவரி 7ஆம் திகதி மியூனிக் நகரில், உடலில் ஒரு கீறலும் இல்லாமல் அதிர்வலையால் சிறுநீரகக் கல் நொறுக்கப்பட்டது.

இவ்வளவும் சத்திரசிகிச்சையின் சாதனை. ஆனால் ஒருகாலத்தில் ஐரோப்பாவின் ஏழைச் சிறுவர்களைப் பெருமளவில் வாட்டிய சிறுநீர்ப்பைக் கல், அங்கு ஏறக்குறைய மறைந்து போனது இவற்றால் அல்ல. உணவு மாறியதால்தான். தாய்லாந்தின் வடகிழக்கிலுள்ள உபோன் பகுதியில் 1960களில் நடந்த ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின. பிறந்து சில வாரங்களிலேயே சோறூட்டப்பட்ட, பாலும் புரதமும் போதியளவு கிடைக்காத குழந்தைகளிடமே அந்நோய் மிகுந்திருந்தது. உணவில் பொஸ்பேற்று குறைந்தமை முக்கிய காரணமாகக் கண்டறியப்பட்டது. வறுமை குறையக் குறைய அந்தக் கல்லும் குறைந்தது. அதே வேளை, உப்பும் இறைச்சியும் மிகுந்த உணவும் உடற்பருமனும் பெருகிய சமூகங்களில் பெரியவர்களின் சிறுநீரகக் கல் பெருகியது. வறுமையின் கல் போய், வசதியின் கல் வந்தது என்று சொல்லலாம்.

அப்படியானால் இன்றைய கல்லைத் தடுப்பது எது? முதலாவது தண்ணீர். இத்தாலியின் பார்மா நகர ஆய்வாளர்கள் முதற்தடவை கல் வந்த 199 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை நிறையத் தண்ணீர் குடிக்கச் செய்து ஐந்தாண்டுகள் கவனித்தார்கள். 1996இல் வெளியான முடிவின்படி, நிறையக் குடித்தவர்களில் 12 சதவீதத்தினருக்கும், வழமைபோல் இருந்தவர்களில் 27 சதவீதத்தினருக்கும் கல் மீண்டும் வந்தது. நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் சிறுநீர் கழியுமளவுக்குக் குடிக்க வேண்டும் என்பதே மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. வெயிலில் வியர்க்க உழைப்பவர்களுக்கு, குறிப்பாக வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் எம்மவர்க்கு, அதற்கு இன்னும் அதிகம் தேவைப்படும்.

இரண்டாவது, ஒரு தவறான நம்பிக்கையைக் களைதல். கல்லில் கல்சியம் இருப்பதால் பாலையும் தயிரையும் விலக்கும்படி நெடுங்காலம் சொல்லப்பட்டது. 1993இல் வெளியான, 45,000க்கும் மேற்பட்ட அமெரிக்க ஆண்களைப் பற்றிய ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் காட்டியது. உணவில் கல்சியம் மிகுந்தவர்களுக்கே கல் குறைவாக வந்தது. உணவிலுள்ள கல்சியம் குடலிலேயே ஒக்ஸலேட்டைப் பிடித்து மலத்துடன் வெளியேற்றிவிடுகிறது என்பதே இதற்குக் கூறப்படும் விளக்கம். குறைக்க வேண்டியவை உப்பும் அளவுமிஞ்சிய இறைச்சியும். இதனை 2002இல் வெளியான மற்றோர் இத்தாலிய ஆய்வும் உறுதிப்படுத்தியது. தேசிக்காய்ச் சாற்றிலுள்ள சிற்றிக் அமிலமும் கல் உருவாவதைத் தடுக்க உதவும்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுண்ணக்கல் நிலத்தில் ஊறும் எமது நீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்து, அதுவே சிறுநீரகத்திலும் படிகிறது என்று நம்புவோர் பலர். கேத்திலில் படிவது கல்சியம் காபனேற்று. சிறுநீரகத்தில் பெரும்பாலும் உருவாவது கல்சியம் ஒக்ஸலேட். இரண்டும் ஒன்றல்ல. அந்த நீரில் நைத்திரேற்றுப் போன்ற வேறு குறைகள் இருக்கலாம், அவை தனியே ஆராயப்பட வேண்டியவை. ஆனால் கல்லுக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்துக் குடிப்பவர், எதற்குப் பயந்தாரோ அதனையே வரவழைத்துக்கொள்கிறார்.

சிறுபீளை, நெருஞ்சில், வாழைத்தண்டு ஆகியவற்றை எமது வைத்தியம் கல்லடைப்புக்குப் பரிந்துரைக்கிறது. சிறுபீளையைச் சிங்கள மக்கள் பொல்பலா என்று அவித்துக் குடிக்கிறார்கள். இவை கல்லைக் கரைக்கும் என்பது பெரிய ஆய்வுகளால் நிறுவப்படவில்லை. எனினும் இவற்றை அருந்தும் முறையில் ஒரு பொது அறிவு உண்டு. எல்லாமே நிறையக் குடிக்க வேண்டிய நீராகாரங்கள்.

கல்லோடு காய்ச்சலும் குளிரும் சேர்ந்தாலோ, சிறுநீர் முற்றாக அடைபட்டாலோ தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இருதய நோயாளரும் சிறுநீரகம் பழுதடைந்தோரும் எவ்வளவு நீர் குடிக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். மற்றவர்கள் பெப்பிஸின் இடது சிறுநீரகத்தில் இருந்த ஏழு கற்களை நினைவில் வைத்திருந்தால் போதும். ஒரு கல்லை எடுத்துத்தரச் சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கிறார். அடுத்த கல்லைத் தடுக்கக்கூடியது எமது வீட்டுத் தண்ணீர்ச் செம்பு.