கப்பலில் உணவு: பட்டியலில் இல்லாததைக் கேட்கலாமா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' என்ற சொகுசுக் கப்பலின் பயணத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். கார்டீலியா நிறுவனத்தின் கப்பல் அது. அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை சென்று வந்தது. சொகுசுக் கப்பலில் ஏற மும்பைக்கோ சிங்கப்பூருக்கோ போக வேண்டிய தேவை குறைந்தது.

பொன்னேரி, திருப்பாலைவனம், பழவேற்காடு பகுதி மக்களுக்குக் கடல் புதிதல்ல. 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய பழவேற்காட்டில் மரைக்காயர்கள் கடல் வணிகம் செய்தார்கள். இன்றும் ஏரியையும் கடலையும் நம்பித்தான் அங்குள்ள குப்பங்கள் வாழ்கின்றன. ஆனால் பிழைப்புக்காகக் கடலுக்குப் போவது வேறு, குடும்பத்தோடு பணம் கட்டி, விருந்தாளியாகக் கப்பலில் ஏறுவது வேறு. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு டிக்கெட் எடுத்துத் தரும் இந்தக் காலத்தில், நம்மிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை சாப்பாட்டைப் பற்றியவை. "இறைச்சி ஹலாலா?" "அத்தாவுக்குச் சர்க்கரை, தனியாகச் செய்து தருவார்களா?" "பிள்ளைக்குக் கஞ்சி கிடைக்குமா?" "காசு கொடுத்திருக்கிறோமே, கேட்டதைத் தர வேண்டியது அவர்கள் கடமைதானே?"

இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் தெரிய வேண்டும்.

கரையில் ஏற்றாதது கடலில் கிடைக்காது

வள்ளத்தில் கடலுக்குப் போகிறவரிடம் கேட்டால் சொல்வார்: அரிசி, புளி, மிளகாய், தண்ணீர் எதுவானாலும் கரையிலேயே ஏற்றியாக வேண்டும். நடுக்கடலில் கடை இல்லை. சொகுசுக் கப்பலுக்கும் இதே விதிதான். எம்ப்ரஸ் போன்ற, ஏறத்தாழ 800 அறைகள் கொண்ட கப்பலில் பயணிகளும் ஊழியர்களுமாக ஆயிரக்கணக்கானோருக்கு ஒவ்வொரு வேளையும் உணவு தர வேண்டும். எந்த நாளில் எந்தச் சாப்பாடு என்பதைப் பயணத்துக்கு வெகுநாள் முன்பே முடிவு செய்து, அந்தக் கணக்குப்படி இறைச்சியும் மீனும் காய்கறியும் வாங்கி ஏற்றுகிறார்கள். இறைச்சி பெரும்பாலும் உறைய வைக்கப்பட்டு, ஒப்பந்தக்காரர் மூலம் மொத்தமாக வருகிறது.

ஆகவே கப்பலில் பட்டியலுக்கு வெளியே நாம் கேட்கக்கூடியது இரண்டு வகை. கப்பலில் ஏற்கெனவே இருக்கும் பொருளை வேறு விதமாகச் சமைக்கச் சொல்வது ஒன்று: காரம் குறைத்த மீன், வெறும் சோறும் பருப்பும், ஆம்லெட், தயிர் சாதம், சூடான பால். பெரும்பாலும் இவை கிடைத்துவிடும். கப்பலில் இல்லாத பொருளைக் கேட்பது மற்றொன்று: குறிப்பிட்ட நிறுவனத்தின் ஹலால் இறைச்சி, நம் ஊர் ஏரி நண்டு, ஊறுகாய், கேழ்வரகு மாவு. கரையிலேயே சொல்லி ஏற்பாடு செய்யாவிட்டால் இவற்றைத் தலைமைச் சமையல்காரர் நினைத்தாலும் தர முடியாது.

கடமை, தேவை, விருப்பம்

எதைக் கேட்கிறோம் என்பதை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

முதலாவது, மார்க்கக் கடமை. ஹராமைத் தவிர்ப்பது நம்மீது கடமை. இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஆனால் கேட்கும் இடம் சாப்பாட்டு மேசை அல்ல, டிக்கெட் எடுக்கும் இடம்.

இரண்டாவது, உடல் தேவை. சர்க்கரை, இரத்த அழுத்தம், இறால் அல்லது வேர்க்கடலை ஒவ்வாமை போன்றவை. இதையும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். கப்பலில் மருத்துவர் இருப்பார். ஆனால் பெரிய மருத்துவமனை கரையில்தான். ஒவ்வாமை உள்ளவர் ஒவ்வொரு வேளையும் பரிமாறுபவரிடம் மறுபடி சொல்ல வேண்டும்.

மூன்றாவது, விருப்பம். நம் வீட்டு ஆணம், தாளிச்சா, நோன்புக் கஞ்சி போன்றவற்றின் மேல் வரும் ஆசை. இதைக் கேட்கலாம், கேட்பதில் குற்றமில்லை. ஆனால் இது உரிமை அல்ல. கிடைத்தால் உபகாரம், கிடைக்காவிட்டால் பொறுமை.

நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். இறைச்சி ஹலாலா என்று கேட்கக் கூச்சப்பட்டு, "பயணத்தில் எல்லாம் ஆகும்" என்று சாப்பிட்டுவிடுகிறோம். பிரியாணியில் உப்புக் குறைந்தால் மட்டும் மேலாளரைக் கூப்பிடுகிறோம். பயணம் என்பதால் ஹராம் ஹலாலாகிவிடாது. நிர்ப்பந்தத்துக்கான சலுகை, வேறு உணவே இல்லாமல் உயிருக்கு ஆபத்து வரும்போதுதான். சோறும் ரொட்டியும் முட்டையும் பழமும் குவிந்து கிடக்கும் கப்பலில் நிர்ப்பந்தம் எங்கிருந்து வரும்?

நபிவழி காட்டும் அளவு

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை வீட்டாரிடம் தொட்டுக்கொள்ள ஏதேனும் கேட்டார்கள். காடியைத் தவிர வேறில்லை என்று பதில் வந்தது. அதையே வரவழைத்து, நல்ல தொடுகறி என்று புகழ்ந்து சாப்பிட்டார்கள் என முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கேட்பது தவறில்லை என்பதும், இருப்பதைக் கொண்டு திருப்தியடைவது அழகு என்பதும் இந்த ஒரே நிகழ்ச்சியில் இருக்கின்றன. எந்த உணவையும் அவர்கள் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்பதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி.

மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் சமைத்த உடும்பு முன்னே வைக்கப்பட்டபோது, நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அது ஹராம் என்பதால் அல்ல, தம் ஊரில் பழக்கமில்லாததால் மனம் ஒப்பவில்லை என்று விளக்கினார்கள். காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அதை அருகில் இழுத்துச் சாப்பிட்டார்கள். 'எனக்குப் பிடிக்காதது' வேறு, 'மார்க்கம் தடுத்தது' வேறு. கப்பல் ஊழியரிடம் பேசும்போதும் இந்த வேறுபாடு வேண்டும். பிடிக்காத சாப்பாட்டை மாற்ற, "எங்கள் மதத்தில் கூடாது" என்று சொல்வது பொய். அப்படிச் சொல்லிப் பழகினால், உண்மையாகவே ஹலால் கேட்கும் அடுத்த முஸ்லிமின் பேச்சுக்கும் மதிப்பிருக்காது.

இறைச்சியும் கடல் உணவும்

'ஹலால் உணவு உண்டு' என்று விளம்பரத்தில் இருந்தால், அது எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள். இறைச்சி மட்டும் ஹலால் நிறுவனத்திடமிருந்து வருகிறதா? தனி அடுப்பும் தனிப் பாத்திரமும் உண்டா? யார் தந்த சான்றிதழ்? மூன்றுக்கும் பதில் வெவ்வேறாக இருக்கலாம். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ரிசார்ட்ஸ் வேர்ல்டு நிறுவனத்தின் 'ஜென்டிங் டிரீம்' கப்பல், இஸ்லாமிய நாடுகளின் தர நிர்ணய அமைப்பின் விதிகளின்படி ஹலால் சான்று பெற்ற சமையல் வசதியோடு இயங்குகிறது. எல்லாக் கப்பலும் அப்படியல்ல. மேற்கத்தியக் கப்பல்கள் பலவற்றில் பன்றியிறைச்சியும் மதுவும் சமையலறையில் சாதாரணமாகப் புழங்குபவை.

சந்தேகமான இடத்தில் மீன் நமக்கு எளிய வழி. அறுப்புப் பிரச்சினை அதில் இல்லை. கடலில் பிடிபடுவதும் அதன் உணவும் நமக்கும் பயணிகளுக்கும் அனுமதிக்கப்பட்டவை என்ற கருத்தை அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் தருகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் இறால், கணவாய் கூடும், நண்டில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில் கடல் உயிரினங்களில் மீன் மட்டுமே கூடும், நண்டு கூடாது, இறாலில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒரே குடும்பத்தில் சம்பந்த வழியில் இரு மத்ஹபினரும் இருப்பது நம் பகுதியில் சகஜம். 'கடல் உணவு' என்று பொதுவாக எழுதாமல், 'மீன் மட்டும்' அல்லது 'மீன், இறால், நண்டு' என்று பிரித்து எழுதுங்கள்.

மீனிலும் மூன்று விஷயங்களைக் கேட்டறிய வேண்டும்: குழம்பில் ஒயின் சேர்த்திருக்கிறார்களா, பன்றியிறைச்சி பொரித்த அதே எண்ணெயில் பொரிக்கிறார்களா, அதே கம்பி அடுப்பில் சுடுகிறார்களா. சாலட்டில் பன்றியிறைச்சித் துணுக்கு, இனிப்பில் ஜெலட்டின், கேக்கில் ரம் இருப்பதும் உண்டு. சுத்தமான தனிச் சட்டியில் சமைத்துத் தரச் சொன்னால் பெரும்பாலும் செய்து தருவார்கள். மது பரிமாறாத ஓரத்தில் மேசை கேட்பதும் நம் தரப்பில் நியாயமான கோரிக்கையே.

டிக்கெட் எடுக்கும்போது எழுத வேண்டியவை

வாய்ச்சொல் போதாது. ஏஜெண்ட் "எல்லாம் கிடைக்கும் பாய்" என்பார். கப்பலுக்கு அந்தச் செய்தி போயிருக்காது. நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, பதிலைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் சிறப்பு உணவுக் கோரிக்கையைப் பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே கேட்கின்றன. கடைசி நாள் எது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

1. பயணப் பதிவு எண், பெயர்கள், எத்தனை பேர்.
2. ஹலால் இறைச்சி உண்டா, சான்று யாருடையது. இல்லையென்றால் மீனும் சைவமும் போதும் என்ற குறிப்பு.
3. பன்றியிறைச்சி, மது, அவற்றிலிருந்து வரும் பொருள்கள் எதுவும் கூடாது என்ற வாசகம்.
4. யாருக்கு என்ன நோய், எந்த உணவு ஒவ்வாமை.
5. குழந்தையின் வயது, அதற்கு வேண்டிய உணவு.
6. ரமளானாக இருந்தால் ஸஹர், இஃப்தார் நேரத்தில் உணவு வேண்டும் என்ற கோரிக்கை.

ஊறுகாய், பொடி, பிஸ்கட் போன்றவற்றைக் கடையில் முத்திரையிட்ட பொட்டலமாகக் கொண்டுபோகப் பல கப்பல்களில் அனுமதி உண்டு. வீட்டில் சமைத்ததை ஏற்க மாட்டார்கள். கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு போன்றவை தீ அபாயம் என்பதால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறங்கும்போது இறைச்சியோ பழமோ கையில் எடுத்துப் போகாதீர்கள். அபராதம் விதிக்கும் நாடுகள் உண்டு.

கப்பலில் ஏறிய பிறகு

முதல் நாளே உணவுக்கூடத்தின் தலைமைப் பரிமாறுபவரைச் சந்தித்து, அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டுங்கள். எல்லோரும் வரிசையில் நிற்கும் பஃபே நேரத்தில் கேட்பதைவிட, இரவு உணவு முடிந்ததும் மறுநாளுக்கானதைச் சொல்வது நல்லது. சமையலறைக்கு அவகாசம் கிடைக்கும். உலகக் கப்பல்கள் பலவற்றில் நம் நாட்டுச் சமையல்காரர்கள் வேலை செய்கிறார்கள். முந்தின நாளே சொன்னால் பருப்பும் சப்பாத்தியும் சோறும் செய்து தரும் கப்பல்கள் உண்டு. கட்டணத்தில் அடங்கிய உணவகம் எது, தனிக் காசு வாங்கும் உணவகம் எது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டு வாங்கியதை மீதம் வைக்காதீர்கள். அது வீண்விரயம், நமக்காகத் தனியாக உழைத்தவருக்குச் செய்யும் அவமதிப்பும்கூட.

பரிமாறுபவர் பட்டியலை எழுதுபவர் அல்ல, இறைச்சி வாங்குபவரும் அல்ல. வீட்டைப் பிரிந்து மாதக்கணக்கில் கடலில் இருக்கும் தொழிலாளி. நம் ஊர்ப் பிள்ளைகளும் அப்படித்தான் எங்கோ ஓர் ஓட்டலில், ஏதோ ஒரு கப்பலில் நிற்கிறார்கள். ஒரு புகார் அவருடைய அடுத்த ஒப்பந்தத்தையே பாதிக்கலாம். உணவைச் சமைத்துக் கொண்டுவரும் பணியாளர் அதன் சூட்டையும் புகையையும் தாங்கியவர் என்பதால், அவரைத் தம்முடன் அமர்த்த வேண்டும், இயலாவிட்டால் ஒரு கவளமாவது கொடுக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். கப்பலில் அவரை உட்கார வைக்க முடியாது. பெயர் சொல்லி நன்றி சொல்ல முடியும், கருத்துப் படிவத்தில் நல்ல வார்த்தை எழுத முடியும்.

வாக்குத் தவறினால்

முஸ்லிம்கள் தாங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது நபிமொழியின் கருத்து. அது இரு தரப்புக்கும் பொருந்தும். டிக்கெட்டில் இல்லாததைக் கேட்டுச் சண்டை போடுவது நமக்கு அழகல்ல. எழுத்தில் ஹலால் என்று வாக்களித்துவிட்டு ஏமாற்றினால் வாய்மூடி இருக்க வேண்டியதும் இல்லை. கப்பலிலேயே எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். இந்தியாவில் எடுத்த டிக்கெட்டுக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

டிக்கெட் எடுக்கும் முன் கேட்டால் அது தெளிவு, மேசையில் மென்மையாகக் கேட்டால் அது வேண்டுகோள், கிடைக்காதபோது இருப்பதைப் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிட்டால் அது ஷுக்ர். நம் பிள்ளைகள் கப்பலில் கடலைப் பார்ப்பதோடு, ஹலாலில் உறுதியாகவும் மனிதர்களிடம் கனிவாகவும் நிற்கும் பெற்றோரையும் பார்க்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களையும் உணவையும் தூய்மையாக்கி வைப்பானாக, ஆமீன்.