கரையில் நிற்பவனின் பங்கு

குறுந்தொகையின் 54ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்கு வந்து சேரவில்லை. அவர் சொன்ன உவமையே பெயராகி, மீனெறி தூண்டிலார் என்று நின்றுவிட்டார். தினைப்புனக் காவலர் கவண் வீசும் ஓசைக்கு மிரண்ட காட்டு யானை, தான் வளைத்த பச்சை மூங்கிலைக் கைவிட, மீன் மாட்டியதும் சுண்டி இழுத்த தூண்டில் கழி போல அது விருட்டென்று நிமிர்கிறது என்பது அந்த உவமை. இது நெய்தல் பாட்டு அல்ல, குறிஞ்சிப் பாட்டு. கடல் பக்கமே இல்லாத மலைச்சாரலில் பாடியவருக்கும் கேட்டவருக்கும் மூங்கில் தூண்டில் அன்றாடம் கண்ட பொருளாக இருந்திருக்கிறது.

சித்தேரி மலையும் தீர்த்தமலையும் சூழ்ந்த அரூரில் பிறந்த எனக்கு இந்தப் பாட்டு அந்நியமாகத் தோன்றியதே இல்லை. என் அப்பாவின் தூண்டில் கழி சித்தேரி மூங்கில்தான். கல்மூங்கிலாகப் பார்த்து எடுப்பார். உள்ளே பொந்து இருக்காது; நுனி வளையும், ஒடியாது. கோணலைத் தீயில் வாட்டி நிமிர்த்தி, விளக்கெண்ணெய் தடவி வைப்பார். மயிலிறகின் தண்டை விரல் நீளத்துக்கு நறுக்கினால் தக்கை. கொட்டாங்குச்சியில் ஈர மண்ணோடு மண்புழு. அவர் சிறுவனாக இருந்தபோது பருத்தி நூலை முறுக்கித்தான் கயிறு செய்தார்களாம். நைலானை அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் உலகுக்கு அறிவித்தது 1938இல். அது நரம்பு என்ற பெயரோடு எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்கு வந்த பிறகு, ஏழை வீட்டுப் பிள்ளையும் தண்ணீரில் மறைகிற கயிற்றை வைத்து மீன்பிடிக்க முடிந்தது.

தூண்டில் ஏழையின் கருவி மட்டும் அல்ல. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன், மானசோல்லாசம் என்ற வடமொழி நூலை எழுதினான். அரசனின் பொழுதுபோக்குகளில் ஒன்றாக அதில் தூண்டில் மீன்பிடிப்புக்குத் தனிப் பகுதி இருக்கிறது. எந்த மீனுக்கு எந்த இரை, கழி எது, கயிறு எது என்று வகைப்படுத்திச் சொல்கிறான். தூண்டில் விளையாட்டை வெள்ளைக்காரன்தான் கொண்டுவந்தான் என்பவர்களுக்கு நான் இந்த நூலைத்தான் காட்டுவேன்.

வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது வேறு இரண்டு: உலோகத்திலும் மரத்திலும் செய்த போலி இரை, அச்சிட்ட புத்தகம். மதராஸ் சிவில் சர்வீசில் இருந்து தென்கன்னட மாவட்டக் கலெக்டராகப் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873இல் 'தி ராடு இன் இந்தியா' என்ற புத்தகத்தை வெளியிட்டார். 1887இல், ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றி மட்டுமே 'டாங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்று இன்னொன்றும் எழுதினார். மீன் வளம் அழிவதைப் பற்றி அதே காலத்தில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவரும் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். வெடி வைத்தோ நஞ்சு கலந்தோ மீன் பிடித்தால் இரண்டு மாதம் வரை சிறை, 200 ரூபாய் வரை அபராதம் என்ற இந்திய மீன்வளச் சட்டம் 1897இல் வந்தது. தாமசின் புத்தகங்களை அவருடைய இனத்தார்தான் படித்தார்கள். அந்தச் சட்டம் ஏரிக்கரை எல்லோருக்குமானது.

போலி இரைக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஜூலியோ பியூல் என்பவர் ஏரியில் தவறவிட்ட கரண்டியை ஒரு மீன் கவ்வப் பாய்ந்ததைப் பார்த்து, கரண்டி வடிவில் இரை செய்தார் என்று சொல்வார்கள். அதற்கு அவர் 1852இல் காப்புரிமை பெற்றார். 1890களில் மிச்சிகனில் ஜேம்ஸ் ஹெட்டன் மரத்தில் தவளை செதுக்கினார். 1936இல் பின்லாந்து மீனவர் லவுரி ரபாலா தக்கைக் கட்டையில் குட்டி மீன் செதுக்கினார். இதெல்லாம் எனக்குத் தெரியாத காலத்திலேயே, அரூரில் சைக்கிள் கடை வைத்திருந்த நான், டீ ஸ்பூனின் காம்பை அறுத்து, இரு முனையிலும் ஓட்டை போட்டு, வளையமும் முள்ளும் மாட்டி விராலுக்கு வீசியிருக்கிறேன். தண்ணீரையும் மீனையும் கவனிக்கிற எவனுக்கும், எந்த நாட்டில் இருந்தாலும், இந்த யோசனை வரத்தான் செய்யும்.

விராலை வைத்துத்தான் எங்கள் பக்கத்துத் தூண்டில்காரனை எடை போடுவார்கள். அது துரத்தி அலைகிற மீன் அல்ல. முழங்கால் தண்ணீரில், பாசிக்கும் கோரைக்கும் அடியில் அசையாமல் கிடந்து, பக்கத்தில் வருவதைப் பாய்ந்து பிடிக்கும். ஆஸ்திரேலியாவின் ஆழமில்லாத கடல் வளைகுடாக்களில் மணலில் பதுங்கிக் கிடக்கும் தட்டைத்தலை மீனைக் கரையோரம் நின்று போலி இரையால் பிடிப்பவர்களும் இதே பாடத்தைத்தான் படிக்கிறார்கள்: மீன் இருக்கும் இடத்தை யூகித்து, அதன் முகத்துக்கு முன்னால் இரையை நடத்த வேண்டும். விரால் காற்றைக் குடிக்க அவ்வப்போது மேலே வந்தாக வேண்டும் என்பதால், பாசியில் ஒரு சின்னக் குமிழியும் அசைவும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தக் காலத்தில் உயிர்த் தவளையைத்தான் முள்ளில் கோத்தார்கள். இன்றைய இளைஞர்களிடம் இருப்பது ரப்பர் தவளை. வயிறு உள்ளீடற்றது, இரண்டு முட்கள் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். அதனால் பாசிமேல் இழுத்தாலும் எதிலும் சிக்காது. விரால் கவ்வும்போது வயிறு அமுங்க, முட்கள் வெளியே நீட்டிக்கொள்ளும். கழியும் ரீலும் மாறிவிட்டன, சூத்திரம் மாறவில்லை. தவளை மறைந்த கணத்தில் சுண்டினால் வெறும் தவளைதான் திரும்பி வரும். மூச்சை அடக்கி, நரம்பு விறைத்து நகர்வது கைக்குத் தெரிந்த பிறகு சுண்ட வேண்டும்.

கருவி மாறியதைவிட மீன் மாறியதும் மீனுக்கு உரிமையாளர் மாறியதும்தான் இந்த ஊரின் பெரிய கதை. 1950களின் இறுதியில் தென்பெண்ணையில் மேலே கிருஷ்ணகிரி அணையும் கீழே சாத்தனூர் அணையும் எழுந்தன. அனுமன்தீர்த்தம் வழியாகப் போகும் எங்கள் ஆறு இரண்டு சுவர்களுக்கு இடையில் அடைபட்டது. மீன்கள் ஏறி இறங்கிய வழி போயிற்று. இப்போது கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் அளவுக்குப் பெங்களூரு பக்கத்துக் கழிவும் இதே ஆற்றில்தான் வருகிறது. மாவட்டத்தின் மறுமுனையில் காவிரிக்கும் இதே போன்ற கதைதான். அதன் துணையாறான கபினியில் 1946இல் 120 பவுண்டு மகசீர் தூண்டிலில் ஏறியது. அந்தக் கூன்முதுகு மகசீர் இன்று அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று பன்னாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

ஏரிகளில் நடந்தது வேறு. 1952இல் ஆப்பிரிக்கத் திலேப்பியா இந்தியாவுக்கு வந்தது. ஜிலேபிக் கெண்டை என்று பெயர் பெற்று எல்லா ஏரியிலும் நிறைந்தது. 1957இல் ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரி, ஊசி மருந்தால் கெண்டை மீன்களை முட்டையிட வைத்துக் காட்டினார். அதன் பிறகு கட்லா, ரோகு குஞ்சுகள் பண்ணையிலிருந்து பைகளில் வந்து ஏரியில் இறங்கின. தானாக வந்த மீன் ஊரின் மீன். காசு கொடுத்து விட்ட மீன் குத்தகைதாரரின் மீன். மீன்பாசி எனப்படும் மீன்பிடி உரிமையை ஏலம் எடுத்தவருக்குப் போட்ட முதலைத் திருப்பி எடுக்கும் கவலை. எங்கள் கரையில் என்னையும் என்னோடு நின்ற பிள்ளைகளையும் அப்படி ஏலம் எடுத்த ஒருவர் கழியைப் பிடுங்கித் துரத்தினார். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை என்றாலும், அவர் பக்கத்துக் கணக்கும் எனக்குப் புரிகிறது.

கணக்கில் சேராத ஒன்று இருக்கிறது. விராலும் குறவையும் கெளுத்தியும் யாரும் காசு கொடுத்து விட்டவை அல்ல. மழைக்கு ஓடை வழியாக ஏறி வந்து, கோடையில் சேற்றுக்குள் புதைந்து பிழைத்து, இந்த வறண்ட தாலுகாவை நம்பி வாழ்ந்தவை. அவற்றின் மேல் ஊருக்கு உள்ள பழைய பங்கை ஒரு ஏலச் சீட்டு அழித்துவிடக் கூடாது. ஒவ்வொரு ஏரியிலும் மதகை ஒட்டிய கரையில் கொஞ்ச தூரம், ஒரு கழி ஒரு முள் என்ற கட்டுப்பாட்டோடு, ஊர்க்காரர் தூண்டில் போட இடம் விட வேண்டும் என்று குத்தகை நிபந்தனையிலேயே எழுதலாம். கழியும் நரம்புமாகக் கரையில் நிற்பவனால் எந்த ஏரியும் காலியானதில்லை. வெடியும் நஞ்சும் மின்சாரக் கம்பியும்தான் காலி செய்கின்றன. அவற்றை முதலில் பார்க்கிற கண்ணும் கரையில் நிற்பவனுடையதுதான்.

பங்கு கேட்கிறவனுக்குக் கடமையும் உண்டு. விரால் தன் குஞ்சுகளைக் கைவிடாத மீன். ஆரஞ்சு நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே திரளாகத் தண்ணீர்மேல் துடிக்கும். அடியில் தாய் தகப்பன் காவல் காக்கும். அந்தத் திரளுக்கு நடுவே தவளையை வீசினால் காவல் மீன் ஆத்திரத்தில் பாய்ந்து கவ்வும். இதைவிடச் சுலபமான விரால் வேட்டை இல்லை, இதைவிடக் கேடானதும் இல்லை. காவல் போனால் அந்தக் குஞ்சுகளை ஜிலேபியும் கொக்கும் முடித்துவிடும். ரப்பர் தவளையோடு என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடச் சொல்லித் தருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன்: குஞ்சுத் திரள் கண்ணில் பட்டால் நரம்பைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கரைக்குப் போ. ஏரியில் நமக்குப் பங்கு இருக்கிறது என்று ஊர் முன்னால் சொல்ல வேண்டுமானால், இந்த ஒழுங்கு நம்மிடம் இருக்க வேண்டும்.