பாடம் காத்திருக்குமா? சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வேர்விட்ட வரலாறு

நகரத்து ஏழைப் பிள்ளைகளின் கல்வி என்றதும் சேர்க்கைக் கணக்குதான் முதலில் பேசப்படுகிறது. சேர்ந்த பிள்ளை எந்த இடத்தில் பாடத்தைத் தவறவிடுகிறது என்று கேட்பவர் குறைவு. சென்னையில் இந்தக் கேள்விக்கு நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு.

1894இல் அடையாறு ஊரூரில் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட், அன்று 'பஞ்சமர்' எனப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் எனப் பள்ளிகள் பெருகின. கதவு திறந்தது. ஆனால் பசியோடு வந்த பிள்ளை என்ன படிக்கும்? 1920 செப்டம்பர் 16 அன்று, பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி தர ஒப்புதல் அளித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. திட்டம் விரிந்த பள்ளிகளில் 1922–23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924–25இல் 1,671 ஆனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக் கூடாதென்று அரசு தடுத்ததால், 1925 ஏப்ரலில் அது நின்றுபோனது. பின்னர் மீண்டும் தொடங்கியது.

வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைக்கும் இன்னொரு தடை இருந்தது. தம்பிக்குக் காய்ச்சல், அம்மாவுக்கு வேலை, குடிசையில் வெள்ளம் என்று பத்து நாள் வராமல் போனால், திரும்பி வரும்போது பாடம் நான்கு பக்கம் தாண்டியிருக்கும். ஆசிரியர் எவ்வளவு நல்லவரானாலும் நாற்பது பேரை நிறுத்திவைத்து ஒருவருக்காகப் பின்னோக்கிப் போக முடியாது. குறை ஆசிரியரிடம் இல்லை. எல்லோரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்ற ஏற்பாட்டில்தான் இருந்தது என்பது என் கணிப்பு.

அந்த ஏற்பாட்டை 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகள் கலைத்தன. அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியின் கற்பித்தல் முறையைக் காண ஆசிரியர்களை அனுப்பினார். திரும்பி வந்த ஆசிரியர்கள் தங்கள் கையாலேயே பாட அட்டைகளை உருவாக்கினார்கள். பாடநூல் சிறு சிறு படிகளாகப் பிரிந்து, சுவரில் ஏணிப்படியாக ஏறியது. பிள்ளை தான் விட்ட படியைத் தேடுகிறது. அதிலுள்ள சின்னத்தைப் பார்த்து, அதே சின்னமுள்ள தட்டிலிருந்து அட்டையை எடுக்கிறது. தன் குழுவில் போய்ப் பாயில் உட்காருகிறது. ஆசிரியரும் அதே பாயில்தான். வருகையைப் பிள்ளையே பதிந்துகொள்கிறது. செய்து முடித்தவை தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் தொங்குகின்றன. சுவரோரம் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. செயல்வழிக் கற்றல் எனப்பட்ட இந்த முறைக்குக் கிடைத்த எல்லாப் பாராட்டையும்விட அந்தப் பலகையின் உயரமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இடுப்பளவு உயரத்தில் பலகையை இறக்கியவர், அது யாருடையது என்பதை முடிவுசெய்துவிட்டார்.

2007–08இல் முறை மாநிலமெங்கும் போனது. அட்டைகள் அச்சாகி வந்தன. தானே வெட்டி ஒட்டிய ஆசிரியருக்கு ஒவ்வொரு படியின் காரணமும் தெரியும். கட்டாக வந்ததைப் பிரித்தவருக்கு அது இன்னொரு உத்தரவு. இந்த வேறுபாட்டை எந்தப் பயிற்சி முகாமும் முழுதாக நிரப்பியதாகத் தோன்றவில்லை. 2012இல் பாடநூலை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபின் ஏணி சுருங்கியது.

2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை வகுப்புவாரியாக அல்லாமல் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்தது. அதற்கு முன் கொரோனாவால் ஏறக்குறைய இருபது மாதம் தொடக்கப் பள்ளிகள் பூட்டிக் கிடந்திருந்தன. பத்து நாள் வராமல் போன குடிசைப் பிள்ளை நின்ற இடத்தில், இப்போது வகுப்பு முழுவதும் நின்றிருந்தது.