சடாமாஞ்சில்: ஒரு சொல், இரண்டு செடிகள்

இமயமலையின் தாழ்சரிவுகளில் வளரும் சிறு பூச்செடி ஒன்றின் இன்றைய அறிவியல் பெயர் வலேரியானா ஜடாமான்சி. வட இந்தியச் சந்தைகளில் அதைத் தகர் என்றும் முஷ்க்பாலா என்றும் அழைக்கின்றனர். ஆனால் ஆயுர்வேதத்தின் ஜடாமாம்சியும் தமிழ் மருத்துவத்தின் சடாமாஞ்சிலும் இச்செடி அன்று. அது ஏறத்தாழ 3000 மீட்டருக்கு மேலான உயரங்களில் வளரும் நார்டோஸ்டாக்கிஸ் ஜடாமான்சி. ஒரே சொல் இரண்டு செடிகளின் மேல் ஏறியமைக்கு ஒரு மொழியறிஞரின் தேடலே காரணம்.

1784இல் கல்கத்தாவில் ஆசியவியல் கழகத்தை நிறுவிய வில்லியம் ஜோன்ஸ், பண்டைய கிரேக்கரும் ரோமானியரும் போற்றிய நார்டு என்னும் நறுமணப்பொருள் எந்தச் செடியிலிருந்து வந்தது என ஆராய்ந்தார். அரபுச் சொற்களின் வழியே சென்று, அது சமஸ்கிருதத்தின் ஜடாமாம்சியே என்று முடிவுகட்டினார். சொல்லாய்வு பிழைக்கவில்லை, செடிதான் மாறிப்போயிற்று. ஜடாமாம்சி என்று பூட்டானிலிருந்து தருவிக்கப்பட்டு, வில்லியம் ராக்ஸ்பர்க் விவரித்த செடிகள் உண்மையில் தகர். ஜோன்ஸ் 1790இல் வெளியிட்ட வலேரியானா ஜடாமான்சி என்ற பெயர் அச்செடிக்கே உரியதாயிற்று.

உண்மையான சடாமாஞ்சிலை 1821இல் டேவிட் டான் பாட்ரீனியா ஜடாமான்சி என விவரித்தார். 1830இல் டி கண்டோல் அதற்கென நார்டோஸ்டாக்கிஸ் என்ற பேரினத்தை வகுத்தார்; தகருக்கு வலேரியானா வாலிச்சி என்று பெயரிட்டார். 1872 முதல் 1897 வரை வெளிவந்த ஹூக்கரின் பிரித்தானிய இந்தியத் தாவரத்தொகுதி வழியாக இவ்வழக்கு வேரூன்றியது.

ஆனால் தாவரப் பெயரிடலில் முந்திய பெயருக்கே உரிமை. அக்கணக்கு லின்னேயஸின் 1753ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்குகிறது. ஆகவே 1830இன் வாலிச்சி விலக, 1790இன் ஜடாமான்சி தகருக்கே மீண்டது. டானின் பெயரும் ஜோன்ஸின் பெயரையே அடிப்படையாகக் கொண்டது என்று கருதியோர், சடாமாஞ்சிலை நார்டோஸ்டாக்கிஸ் கிராண்டிஃப்ளோரா என்று எழுதினர். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில், 1997இல் அச்செடி இடம்பெற்றதும் இப்பெயரில்தான்.

இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. வேருக்காகத் தோண்டப்படும் சடாமாஞ்சில், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் மிக அருகிய இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது. தகரோ அந்த சைட்டிஸ் பட்டியலில் இல்லை. ஏற்றுமதித் தாளில் ஜடாமான்சி என்ற சொல் மட்டும் இருந்தால், காக்கப்பட வேண்டிய வேர் காவலற்ற வேரின் பெயரில் எல்லை கடக்கலாம்.

ஆகவே பெயர்ப் பட்டியலைப் புதுப்பிப்பது, பழைய சொல்லை நீக்கிப் புதிய சொல்லைப் பொருத்தும் வேலையாக முடிந்துவிடாது. வாலிச்சி என்ற பழஞ்சீட்டைத் திருத்துவது எளிது. பேரினப் பெயரின்றி ஜடாமான்சி என்று மட்டும் எழுதப்பட்ட சீட்டுக்கு, உலர்த்தி ஒட்டிய செடியையே பார்க்க வேண்டும். தகரின் அடியிலைகள் இதய வடிவின. பூவில் மகரந்தத்தாள்கள் மூன்று. சடாமாஞ்சிலின் அடியிலைகள் நீண்டு குறுகியவை, மகரந்தத்தாள்கள் நான்கு. அதன் வேர்த்தண்டில் நார்கள் சடைபோல் அடர்ந்திருக்கும். அந்தச் சடையே ஜடாமாம்சி என்ற பெயருக்குக் காரணம்.

விதிப்படி அப்பெயரின் முதல் உரிமை இன்று சடையில்லாத செடியிடம் இருக்கிறது. அறிவியல் பெயர் பொருளை விளக்கக் கடமைப்பட்டதன்று. எந்தச் செடியைச் சுட்டுகிறது என்பதில் மட்டும் ஐயம் இருக்கலாகாது.