தெருமுனைத் தொட்டியும் மூன்று சக்கர வண்டியும்

நம் கல்லூரியில் வரலாறு படித்தவர்கள் பல்லவரையும் பாண்டியரையும் பாராமல் ஒப்பிப்பார்கள். ஆனால் நாம் குடியிருந்த தெருவுக்கும் ஒரு வரலாறு உண்டென்று யாரும் சொல்லித் தரவில்லை. மலரில் இடம் கொடுத்த நண்பர்களுக்கு நன்றி சொல்லி, சென்னைக் குப்பையின் கதையை எழுதுகிறேன். முகம் சுளிக்க வேண்டாம்!

எண்பதுகளின் மெட்ராஸ் நினைவிருக்கிறதா? தெருமுனையில் ஒரு சிமெண்ட் தொட்டி. குப்பை பாதி உள்ளே, பாதி வெளியே. மாடும் நாயும் பங்கு போட்டுக்கொள்ளும். லாரி வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. வீட்டு வாசலில் தினமும் கோலம் போட்டவர்கள்தான், நாலு வீடு தள்ளி நின்றே குப்பையைத் தொட்டியை நோக்கி வீசினார்கள். வாசலைத் தாண்டினால் அது கார்ப்பரேஷன் சமாச்சாரம், அவ்வளவுதான்.

இந்த எண்ணத்தின் மீதுதான் 1989-ல் கை வைத்தார், வங்கி அதிகாரியாக இருந்த எம்.பி. நிர்மல். அவர் தொடங்கிய அமைப்பு எக்ஸ்னோரா. 'எக்ஸலண்ட், நாவல், ராடிகல்' என்ற ஆங்கிலச் சொற்களின் தலைகளைச் சேர்த்து வைத்த பெயர். அதன் தெருக் கிளைதான் சிவிக் எக்ஸ்னோரா.

ஏற்பாடு ரொம்ப எளிது. ஒரு தெருவில் நூறு வீடு வரை சேரும். பணத்தைப் போட்டோ, நன்கொடை வாங்கியோ ஒரு மூன்று சக்கர வண்டி. அதற்கு ஒரு ஆள். அவருக்கு வைத்த பெயர் 'ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்'. வீடு வீடாகக் குப்பை வாங்கி, மாநகராட்சி லாரி எடுக்கும் இடத்தில் சேர்ப்பார். வீட்டுக்கு மாதம் பத்து இருபது ரூபாய் சந்தா. அதிலிருந்துதான் அவர் சம்பளம். அதற்கு முன் தொட்டியைக் கிளறி காகிதம் பொறுக்கியவர்கள் பலர் இந்த வேலைக்கு வந்தார்கள். தெருமுனைத் தொட்டி தேவையில்லாமல் போனது. சில தெருக்களில் மரம் நட்டார்கள், மண்புழு உரம் போட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் கிளைகள் ஆயிரத்தைத் தாண்டின.

பெரும்பாலும் இதை நடத்தியது ஓய்வு பெற்றவர்களும் இல்லத்தரசிகளும்தான். "எங்க வீட்ல குப்பையே சேராதுங்க, எதுக்கு சந்தா?" என்பவரிடம் மாதாமாதம் கதவைத் தட்டுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! அதே சமயம் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். சந்தா குறைந்தால் அடி விழுந்தது வண்டிக்காரர் சம்பளத்தில்தான். பெயரை அழகாக வைத்தோம். சேமநல நிதி, விடுப்பு பற்றியெல்லாம் பேசியவர்கள் குறைவு.

2000-ல் மாநகராட்சி அப்போதிருந்த பத்து மண்டலங்களில் மூன்றை ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. புது வண்டி, சீருடை, சுத்தமான தெரு. மக்களுக்குப் பிடித்துத்தான் இருந்தது. அவர்களே எடுக்கிறார்கள் என்றால் சந்தா எதற்கு? பல கிளைகள் சத்தமில்லாமல் கலைந்தன. ஆனால் ஓனிக்ஸுக்குக் கூலி குப்பையின் எடைக்கு. வீட்டிலேயே தரம் பிரித்து, உரமாக்கி, குப்பையைக் குறைப்பது தெருக்காரர் கணக்கு. டன் கணக்கில் கூடினால்தான் லாபம் என்பது ஒப்பந்தக்காரர் கணக்கு. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? அள்ளியதெல்லாம் கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் போயிற்று. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். பறவைகளின் அந்த வீட்டில் நம் வாழையிலையும் பிளாஸ்டிக் பையும் மலையாக நின்றன.

2007-ல் ஓனிக்ஸ் ஒப்பந்தம் முடிந்து வேறொரு நிறுவனம் வந்தது. 2011-ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும் என்று 2016-ன் மத்திய விதிகள் கட்டாயமாக்கின. தெருக்காரர்கள் தொண்ணூறுகளிலேயே தொட்டுப் பார்த்த காரியம்தான் அது.

பேரேடுகளில் ஓனிக்ஸ் கணக்கு இருக்கும். தெருக் கிளைகளின் கணக்கு எங்கே? நம்மில் செயலாளர், பொருளாளர் என்று இருந்தவர்கள் வீட்டுப் பரணில் சந்தா ரசீதும் மினிட்ஸ் நோட்டும் கிடக்கலாம். பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாமல், அடுத்த சந்திப்புக்கு எடுத்து வாருங்கள்.